அரைப்புள்ளி

மூன்றாவது முறையும் கரண்ட் போய் வந்தபோது
பதினான்காம் வரியில் பிழை என்றது திரை.
பதினான்காம் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
அது பாவம், ஒன்றும் செய்யவில்லை.
பதின்மூன்றின் கடைசியில்
நான் வைக்காமல் விட்ட ஓர் அரைப்புள்ளி.
பக்கத்து வீட்டில் களவு போனதற்கு
என் கதவைத் தட்டுகிற போலீஸ்
இந்த சி மொழி.

நான்கு வருடம் பைத்தானில் குடியிருந்தேன்.
முக்காற்புள்ளி வைத்து
அடுத்த வரியை நாலு இடம் உள்ளே தள்ளினால் போதும்,
தேயிலைச் சரிவு மாதிரி
எது எதற்குள் என்று பார்த்தாலே தெரியும்.
இங்கே எல்லாவற்றுக்கும் நெளிவு அடைப்பு,
காட்டெருமைக்குப் போட்ட கம்பிவேலி.
ஓரிடத்தில் மூட மறந்தேன்.
கோப்பின் கடைசி வரிவரை மேய்ந்திருந்தது.

முக்காலிலிருந்து அரைக்கு இறங்கிவிட்டேன்
என்று பெனிட்டாவிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
வியாழக்கிழமைக்குள் தராசு வேண்டும் அவளுக்கு.
கோத்தகிரி மழைக்கு நனைந்து நனைந்து
பழைய தராசு முள் துருப்பிடித்துவிட்டது.
புதியதற்குள் தீப்பெட்டி அளவு ஒரு பலகை,
நினைவு இரண்டே கிலோபைட்.
பைத்தான் வந்து படுக்க அங்கே பாய் விரிக்க முடியாது.

குஞ்சப்பனைச் சாவடியில் வண்டியை மறித்து
எங்கிருந்து, எத்தனை பேர்,
தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று
குனிந்து பார்ப்பார்களே,
அப்படித்தான் சி.
பெயரைச் சொல்லும் முன்பே வகையைச் சொல்ல வேண்டும்.
பைத்தானில் என்னை யாரும் கேட்டதில்லை.
தூக்கக் கலக்கத்தில்
எல்லாம் முழு எண்தான் என்றேன்.
உள்ளே விட்டுவிட்டது.

சோதனைக்கு ரங்கியம்மாவின் மூட்டை.
பலகை படித்தது இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு கிராம்.
ஆயிரத்தால் வகு என்றேன்.
இருபத்து மூன்று என்றது.
பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை,
பச்சை விளக்கு.

கூடலூரில் வேலைக்குப் போன முதல் நாள்
வெள்ளம் வேணுமா என்று கேட்டார் கடைக்காரர்.
சேட்டன் கையில் டம்ளரைப் பார்த்த பிறகுதான்
நெஞ்சு இறங்கியது.
இங்கேயும் அதே சாய்ந்த கோடுதான் வகுத்தல்.
பைத்தானில் அது பங்கு போடும்.
சி-யில், இருபுறமும் முழு எண் நின்றால்,
பங்கு போட்டு
மிச்சத்தைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும்.

ஓர் அரைப்புள்ளி காணோம் என்று
ஊரைக் கூட்டிய மொழி
அரைக் கிலோ காணோமே,
வாயே திறக்கவில்லை.

செயலாளர் போஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.
"பழைய நோட்டுலயும் அரை எழுதுறதில்லையே,
அப்படியே விடுங்களேன்" என்றார்.
ஆக, அந்த நோட்டு இத்தனை வருடமும்
சி-யில்தான் எழுதப்பட்டிருக்கிறது.
அவர் போன பிறகு கொஞ்ச நேரம்
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பனி, ஜன்னல் உயரத்துக்கு.
ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை,
ஒரு மூட்டைக்கு எவ்வளவு மிச்சம்,
மனசுக்குள் கூட்டினேன், தமிழில்.
கணக்கு மட்டும் எனக்கு
இன்னும் வேறெந்த மொழியிலும் வருவதில்லை.

ஆயிரத்துக்குப் பின்னால்
ஒரு புள்ளியும் ஒரு சுழியமும் வைத்தேன்.
முகப்பையும் ஒரு தசமம் காட்டச் சொன்னேன்.
அரைப்புள்ளி இருக்கிறதா என்று
இரண்டு முறை தடவிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை.
இருபத்து இரண்டு புள்ளி ஐந்து.
ரங்கியம்மா மூட்டையைத் தூக்கி மறுபடி வைத்தார்.
அதே எண்.
கண்ணாடியை விரலால் தட்டினார்.
"புதுசு அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

இல்லைம்மா, அது புள்ளி என்றேன்.
நம்பாமல் என்னைப் பார்த்தார்.
அவருக்குப் பின்னால் வரிசையில்
இன்னும் பதினோரு மூட்டை,
மழை வேறு.